சாரல் விழும்போது ஏர்கூலர் ஏன் சண்டித்தனம் செய்கிறது?

சித்திரை மாதம் தென்காசியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஏர்கூலர் ஜில்லென்று காற்று தரும். அதே கூலரை ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் விழும்போது போட்டுப் பாருங்கள். குளிராது. உடம்பு நசநசக்கும், தலையணை உறைகூட ஈரமாகத் தோன்றும். பம்ப் ஓடுகிறது, மோட்டார் சுற்றுகிறது, பேடில் தண்ணீர் இறங்குகிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை. பிறகு ஏன் குளிரவில்லை?

காரணம் காற்றில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். வெப்பத்தை இழந்த காற்று குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றால் நடுங்குவதும் இதனால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது, முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. கூலரின் பம்ப்பும் விசிறியும் அதைவிட மிகக் குறைவாகவே மின்சாரம் தின்கின்றன. எவ்வளவு நல்ல ஏற்பாடு!

ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்? இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டுக்கும் விசிறிக் காற்று படும்படி வையுங்கள். காற்று 38 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட கோடைப் பகலில் ஈரத்துணி வெப்பமானி 24 டிகிரி வரை இறங்கும். சாரல் நாளில் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால், அது 26க்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். முதல் நாளில் 14 டிகிரி வித்தியாசம், இரண்டாவது நாளில் ஒன்றேகால் டிகிரிதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரும் அந்த ஈரத்துணி காட்டும் அளவுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது.

குற்றாலத்துக் காற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஈரம்? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து கேரளப் பக்கம் மலையேறுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலான ஊர்களுக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாய் இருக்கும் இடத்தில் மட்டும் மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியாக மேகமும் காற்றும் தூறலும் சேர்ந்து இங்கே நுழைகின்றன. அதனால்தான் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழும் அதே மாதத்தில், கிழக்கே தள்ளியுள்ள ஊர்களில் வறண்ட மேல்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆடியிலும் கூலர் வேலை செய்யும். குற்றாலத்தில் செய்யாது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வானிலை!

கூலர் போடும்போது ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஈரக்காற்று வெளியே போனால்தான் புதிய உலர்ந்த காற்றுக்கு இடம் கிடைக்கும். அறையைப் பூட்டிக்கொண்டு கூலர் போட்டால், உங்கள் அறைக்குள்ளேயே ஒரு குற்றால சீசனை உண்டாக்கிவிடுவீர்கள், அருவி இல்லாமல்.

கூலரைப் பராமரிப்பதில் முக்கியமானது தண்ணீர். உப்புத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு பேடிலேயே தங்கும். வெள்ளை வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். காற்று நுழைய வழி இருக்காது. பேடைக் கழற்றித் தண்ணீரில் அலசுவதும், தொட்டித் தண்ணீரை அடிக்கடி முழுதாக மாற்றுவதும் இதற்காகத்தான். இன்னொரு காரணம் இதைவிடப் பெரிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்ய வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சீசன் தொடங்கிக் கூலரை மூலையில் ஒதுக்கும்போது இதைச் செய்ய மறக்காதீர்கள்.

ஏசி இதே தந்திரத்தை வேறு விதமாகச் செய்கிறது. ஆவியாகும் பொருளை வெளியே விடாமல் செப்புக் குழாய்க்குள் பூட்டிவைத்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் காயிலில் அது ஆவியாகி, அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் பெட்டியில் கம்ப்ரசர் அதை அழுத்த, அது மறுபடியும் திரவமாகி, எடுத்த வெப்பத்தைத் தெருவில் விட்டுவிடுகிறது. அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்றால் அனலடிப்பது அதனால்தான். உலகத்தில் எந்த இயந்திரமும் குளிர் என்று ஒன்றைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

ஏசியை ஏன் 'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்று சொல்கிறார்கள் தெரியுமா? பெட்டியின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் கணக்கு. பனிக்கட்டியால் குளிர்வித்த காலத்தின் அளவுகோல் அது. அந்தக் காலத்தில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

'ஏசி குளிரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவது கிடையாது. பூட்டிய குழாய்க்குள் அதே வாயு வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், காசும் வாயுவும் ஒன்றாகக் காற்றில் போகும். வெளியேறும் வாயு சும்மாவும் இருக்காது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கிறது. அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தத்தான் 1987இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. இப்போது வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். ஆகவே 'எங்கே கசிகிறது என்று பார்த்தீர்களா?' என்று மெக்கானிக் மாமாவிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

பல நேரம் கேஸ் மேல் பழியே போட வேண்டியதில்லை. ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். காயில் மேல் காற்று படாததால் காயிலிலேயே பனி கட்டும், அறை குளிராது. ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். உள்பெட்டியிலிருந்து சுவரில் தண்ணீர் ஒழுகினால், பெரும்பாலும் வெளியேற்றும் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும். ஒழுகும் அந்தத் தண்ணீர், காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு உண்டானது. சாரல் காலத்தில் நிறையவே வரும். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம், குடிக்கக் கூடாது. ரிமோட்டில் 24 டிகிரி வைத்தால் போதும். 2020 முதல் நம் நாட்டில் விற்கும் அறை ஏசிகளில் தொடக்க அளவே 24தான்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதே இல்லை. வியர்வையை ஆவியாக்கி உங்களைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினால் வீண். அது மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர் பலவீனமாகியிருக்கும். சின்னப் பொருள், எலக்ட்ரீசியன் மாற்றிவிடுவார். புதிதாக வாங்குவதானால் பிஎல்டிசி விசிறி நல்லது. பழைய விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் இது சுமார் 30 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும்.

மின்சாரமே கேட்காத குளிர்ச்சியும் உண்டு. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசலில் சீசனில் காற்று ஆளையே தள்ளும். அகலமாக வரும் மேல்காற்று குறுகிய வழியில் புகும்போது வேகமெடுக்கிறது, மறுபக்கம் வெளியேற வாசலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் மேற்கு ஜன்னலோடு கிழக்கு ஜன்னலையும் திறந்தால்தான் காற்று ஓடும். மொட்டைமாடியில் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். புழுதி படிந்தால் பலன் குறையும் என்பதால் வருடா வருடம் கழுவ வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏசியானால் பெரியவர்களை விட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, கூலர் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள், ஃபில்டரை அலசுங்கள். மின்சாரப் பாகங்களைத் திறக்கும் வேலை உங்களுடையது இல்லை. அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.