இரண்டு ராத்திரி லாஸ் வேகாஸ்

“லாஸ் வேகாஸா? அது சூதாட்ட ஊராச்சே!” என்று வீட்டுப் பெரியவர்கள் பதறினால் தப்பே இல்லை. ஊரின் பிழைப்பே அதுதான். 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்துக்குச் சட்டப்படி கதவைத் திறந்து விட்டது. அதற்குப் பிறகு பாலைவனத்தின் நடுவில் ஒரு ரயிலடி ஊராக இருந்தது, ராத்திரி பகல் தெரியாத ஊராக வளர்ந்துவிட்டது.

ஆனாலும் கலிஃபோர்னியாவிலும் அரிஸோனாவிலும் குடித்தனம் செய்கிற நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் தங்கும்போது, “குழந்தையை நான் பார்த்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்களேன்” என்கிறாள். உடனே நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து சுமார் 270 மைல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் கிளம்பினால் ராத்திரி போய்ச் சேரலாம்.

குழந்தை பிறந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கிடைக்கிற முதல் இரண்டு ராத்திரி! அதனால்தான் பலர் பேராசைப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு ஷோ, கிராண்ட் கான்யன், அணைக்கட்டு, ஹெலிகாப்டர் என்று ஒரு காகிதம் நிறைய எழுதிக்கொண்டு போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு காரை ஓட்டுவார். இவள் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். இரண்டு ராத்திரிக்கு ஒரு ஷோ, ஒரு வெளியூர்ப் பயணம். அதற்கு மேல் வேண்டாம். எந்த ஷோ, எந்தப் பயணம் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஷோ என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஆட்டம். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் வாங்கிவிட்டு வழியில் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பணம் போனது போனதுதான். ராத்திரி ஒன்பதரை ஆட்டமும் வேண்டாம். கைக்குழந்தைக்காரிக்கு ஒன்பது மணிக்கே கண் சொக்கும். நூறு இருநூறு டாலர் கொடுத்து இருட்டில் உட்கார்ந்து தூங்குவானேன்? அதற்கு வீட்டுக் கட்டிலே போதுமே!

முதல் தடவை போகிறவர்களுக்கு ‘சர்க் து சொலெய்’ கம்பெனியின் ஆட்டங்களைத்தான் நான் சொல்வேன். கனடா நாட்டுக் கம்பெனி. பிரெஞ்சில் ‘சூரியனின் சர்க்கஸ்’ என்று அர்த்தம். சிங்கம், யானை கிடையாது, எல்லாம் மனிதர்கள்தான். பேச்சு மிகக் குறைவு என்பதால் இங்கிலீஷ் ஜோக் புரியாமல் விழிக்க வேண்டியதில்லை. பெலாஜியோ ஓட்டலில் 1998-லிருந்து ‘ஓ’ என்ற ஆட்டம் நடக்கிறது. மேடையே ஒரு குளம். 15 லட்சம் காலன் தண்ணீர். இப்போது ஒருவர் தலைகீழாகக் குதித்து மறைகிற இடத்தில், கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் கால் நனையாமல் நடந்து போவார்! தண்ணீருக்கு அடியில் இருக்கும் தளத்தை ஏற்றி இறக்குகிறார்கள். டிக்கெட் விலைதான் கண்ணைக் கட்டும். அவ்வளவு முடியாதென்றால் டிரஷர் ஐலண்ட் ஓட்டலில் 1993-லிருந்து நடக்கிற ‘மிஸ்டேர்’ போதும். பார் விளையாட்டு, பெரிய பெரிய முரசு, கோமாளி என்று நாம் சின்ன வயதில் பார்த்த சர்க்கஸுக்கு ரொம்பக் கிட்டே இருக்கும். குறைந்த விலைக்குப் பார்த்தோமே என்ற குறையே வராது. எம்.ஜி.எம். கிராண்டில் நடக்கிற ‘கா’வில் கதை உண்டு. பிரிந்துபோன இரட்டைக் குழந்தைகள், அண்ணனும் தங்கையுமாக! நம் சினிமாவுக்குப் பழகியவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? அதில் மேடைத் தளமே சுவர் மாதிரி செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். எந்த ஆட்டமானாலும் முன்வரிசை வேண்டாம். ஆட்டம் பாதி ஆகாயத்தில் நடக்கிறது. கழுத்து வலிதான் மிச்சம். நடு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் முழுசும் தெரியும்.

மந்திரவாத ஆட்டங்களும் நிறைய. ரியோ ஓட்டலில் 2001-லிருந்து ஆடுகிற பென், டெல்லர் ஜோடியில் ஒருவர் ஓயாமல் பேசுவார், மற்றவர் மேடையில் வாயையே திறக்க மாட்டார். (சில வீடுகளில் நடக்கிற மாதிரியேதான்!) வேகமான இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் பழக்கமானால் இது நல்ல தேர்வு.

2023 செப்டம்பரில் திறந்த ‘ஸ்ஃபியர்’ என்ற 366 அடி உயர உருண்டைக் கட்டடத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதன் வெளிப்புறம் முழுதும் விளக்குகளால் ஆன திரை. அதைத் தெருவில் நின்று இலவசமாகவே பார்க்கலாம். உள்ளே தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் திரை சுற்றி வளைத்துக்கொள்கிறது. பஸ்ஸில் போனாலே வயிற்றைப் புரட்டுகிறவர்களும், மசக்கைக்காரிகளும் யோசித்துப் போக வேண்டும்.

விளம்பரத்தில் ‘18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு’ என்று இருந்தால் இந்த ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு. ஆடை குறைவாக இருக்கும், பேச்சு பச்சையாக இருக்கும். போகக்கூடாது என்று சொல்ல நான் யார்? தெரிந்து போவது வேறு. தெரியாமல் போய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு.

இன்னொன்று: ஓட்டல் வாசலில் சிரித்த முகத்தோடு ஒருவர், “ஷோ டிக்கெட் இலவசம், வாங்க” என்று கூப்பிடுவார். விடுமுறை வீட்டில் பங்கு விற்கிற வேலை அது. இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்து, கையெழுத்துப் போடும்வரை பேசுவார்கள். உங்களிடம் இருப்பதே ஒரு சனிக்கிழமை. அதில் பாதியை விலையாகக் கொடுத்து வாங்குகிற டிக்கெட் எப்படி இலவசமாகும்?

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு நிஜமாகவே இலவசமான ஒன்று இருக்கிறது. பெலாஜியோ ஓட்டலுக்கு முன்னால் எட்டரை ஏக்கர் ஏரி. அதில் நீரூற்றுகள் பாட்டுக்கு ஏற்ப ஆடும். ராத்திரியில் கால் மணிக்கு ஒரு தடவை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பாட்டு முடிகிறவரை நின்றுவிட்டு அறைக்குப் போய்த் தூங்குங்கள். மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.

எங்கே போக? “கிராண்ட் கான்யன் பார்க்காம வரலாமா?” என்று அவர் கேட்பார். கேட்கட்டும். நிஜமான தேசியப் பூங்காவின் தெற்குக் கரை சுமார் 280 மைல். ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். விடியற்காலையில் பஸ் ஏறினால் திரும்பி வர ராத்திரியாகும். அன்றைய ஷோவை மறந்துவிட வேண்டியதுதான். பாலூட்டுகிற தாயாக இருந்தால் பம்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் எங்கே மறைவு தேடுவது? நேரத்துக்குப் பால் எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரை கொண்டுபோய் விடும். அதற்கு ஒரு மூன்று நாள் தனியாக ஒதுக்கி, குழந்தையும் நடக்கிற வயதானபின் போகலாம்.

‘மேற்குக் கரை’ என்று விளம்பரம் செய்வது சுமார் இரண்டரை மணி தூரத்தில் இருக்கிறது. அது வாலபாய் என்ற பழங்குடியினரின் சொந்த நிலம். தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. 2007-ல் திறந்த கண்ணாடி நடைபாலம் அங்கேதான் இருக்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து 70 அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுக்கத்தோடு நடக்கலாம். நல்ல இடம்தான். இரண்டு கரையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள்.

அரை நாளில் போய்வர என் முதல் ஓட்டு ஹூவர் அணைக்கு. “அணைக்கட்டா? மேட்டூர்ல பார்த்ததுதானே?” என்று என் சிநேகிதி ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். போய் வந்தபின் அந்தக் கதையை என்னிடம் அரை மணி நேரம் சொன்னவளும் அவள்தான். ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 726 அடி உயரம். கொலராடோ ஆற்றைக் குறுக்கே மறித்து 1931-லிருந்து 1935-க்குள் கட்டி முடித்தார்கள். பெரிய அண்டாவில் பொங்கல் வைத்தால் ஓரம் ஆறிப்போனபின்னும் நடுவில் கொதித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? கான்கிரீட்டும் அப்படித்தான், இறுகும்போது சூடு கிளம்பும். இவ்வளவு பெரிய கட்டி தானாக ஆற நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டு, உள்ளேயே 582 மைல் நீளத்துக்கு ஒரு அங்குலக் குழாய்களைப் பதித்து ஐஸ் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள்! அணையின் மேல் நடந்தால் நடுவில் நெவாடா முடிந்து அரிஸோனா ஆரம்பிக்கும். ஆளுக்கொரு மாநிலத்தில் நின்று கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ளாத ஜோடியே இல்லை.

அந்த அணையைக் கட்ட வந்தவர்களின் மனைவிமார் கதைதான் மனத்தைப் பிடித்துக்கொள்ளும். பஞ்ச காலம். சாதாரணக் கூலிக்காரனுக்கு நாளைக்கு 4 டாலர். அதற்காக எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு வந்து ஆற்றங்கரையில் கந்தல் கூடாரம் போட்டிருக்கிறார்கள். 1931 கோடையில் வெயிலுக்கே செத்தவர்கள் உண்டு. தாய்மார்கள் ஈரத் துணியைச் சுற்றிக் குழந்தைகளைத் தூங்க வைத்தார்களாம். பிறகு அரசாங்கம் அவர்களுக்காக போல்டர் சிட்டி என்று ஒரு ஊரையே கட்டிக் கொடுத்தது. அங்கே குடியும் கூடாது, சூதும் கூடாது என்று சட்டம். கூலிப் பணம் வீடு போய்ச் சேரட்டும் என்றுதான். சாராயத் தடை 1969-ல் போய்விட்டது. சூதாட்டத் தடை இன்றும் இருக்கிறது. லாஸ் வேகாஸிலிருந்து அணைக்குப் போகிற வழியிலேயே, ஒரு சூதாட்ட யந்திரம்கூட இல்லாத ஊர்! திரும்பும்போது அங்கே நிறுத்தி மத்தியானச் சாப்பாடு சாப்பிடுங்கள்.

இயற்கைதான் வேண்டும் என்றால் மேற்கே 17 மைலில் ரெட் ராக் கான்யன். செக்கச் செவேலென்ற மலை; 13 மைல் ஒரு வழிப் பாதையில் காரிலேயே சுற்றி வரலாம். அக்டோபரிலிருந்து மே வரை பகலில் நுழைய முன்பதிவு வேண்டும். கோடையில் இங்கே மத்தியானம் காலே வைக்காதீர்கள். 2024 ஜூலை 7-ந் தேதி லாஸ் வேகாஸில் 120 டிகிரி வெயில் அடித்தது. அந்த ஊர்க் கணக்கிலேயே அதுதான் உச்சம். அங்கே காற்று வறண்டது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். “எனக்கு வேர்க்கவே இல்லை” என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள்தான் முதலில் மயங்கி விழுகிறார்கள். காரில் ஆளுக்கு இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர், உதட்டுக்குத் தேங்காயெண்ணெய். அதிகாலை கிளம்பி, பதினோரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

சூதாட்டக் கூடத்தில் இன்றும் சிகரெட் பிடிக்கலாம். அறைக்குப் போகிற லிஃப்டுக்கே பெரும்பாலும் அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் வழி. கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் ஓட்டல் எடுக்கும்போதே கேளுங்கள். பார்க் எம்.ஜி.எம். ஓட்டலில் 2020-லிருந்து கூடத்தில் புகைக்கத் தடை.

சரி, அவர் கை துறுதுறுவென்று இருக்கிறதா? ஒரு கவரில் 40 டாலர் போட்டுக் கொடுங்கள்; தீர்ந்தால் தீர்ந்தது. ஏ.டி.எம். கார்டு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். கணக்கையும் சொல்லிவிடுங்கள்: அங்கே சுழல்கிற சக்கரத்தில் 38 குழிகள். ஜெயித்தால் கட்டிய 1 டாலரோடு 35 டாலர் தருகிறார்கள். குழிக்கும் பரிசுக்கும் நடுவில் விடுபட்டுப்போன அந்த இரண்டு டாலரில்தான் ஊரே எழும்பி நிற்கிறது.

மரக்கறி சாப்பிடுகிறவர்கள் “மாமிசம் இல்லை” என்று சொன்னால் போதாது. சூப்பிலும் சோற்றிலும் கோழி ரசம் சேர்ப்பதுண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறை சுத்தம் செய்கிற பெண்ணுக்குத் தினமும் காலையில் சில டாலர் தலையணை மேல் வைத்துவிட்டுப் போங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால், முந்தின நாள் வேலை செய்தவளுக்குப் போய்ச் சேராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலிஃபோர்னியா பக்கம் திரும்புகிற சாலை காராலேயே அடைத்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பேக்கர் என்ற சின்ன ஊர் வரும். 134 அடி உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் நட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913-ல் பதிவான 134 டிகிரிக்கு ஞாபகமாக. அங்கே காப்பி குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடலாம். “இப்பதான் தூங்கினான், சத்தம் போடாதே” என்பாள்.