தரவு மையச் சேவையகங்களின் தொலைநிலை மேலாண்மையில் கன்சோல் சுவிட்சுகளின் பங்கு: ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தரவு மையத்திலுள்ள சேவையகங்களை நேரில் அணுகாமலேயே இயக்கவும் பழுதுநீக்கவும் உதவும் கருவிகளுள் கன்சோல் சுவிட்ச் குறிப்பிடத்தக்கது. அதன் வகைகளையும் செயற்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது. ஓர் அமைப்பை மேலாள்வதற்கான வழி அவ்வமைப்பையே சார்ந்திருத்தல் கூடாது என்பதனை, 2021, 2022ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இரு பெரும் முடக்கங்களின் வழி நிறுவுகின்றது.

திறவுச்சொற்கள்: தரவு மையம், சேவையகம், கன்சோல் சுவிட்ச், புறவழி மேலாண்மை, தொலைநிலை அணுக்கம்.

முன்னுரை

நூலகப் பட்டியல், வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு, மின்னூல் எனப் பலவும் இன்று சேவையகங்களில் இருந்தே நம்மை வந்தடைகின்றன. ‘வழங்கி’ என்றும் வழங்கப்பெறும் இக்கணினிகள், தரவு மையங்களில் 19 அங்குல அகலச் சட்டகங்களில் அடுக்கி வைக்கப்படுகின்றன. 42 அலகு உயரமுடைய ஒரு சட்டகத்தில், ஓர் அலகு உயரமுடைய சேவையகங்கள் நாற்பது வரை இடம்பெறக்கூடும். ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே திரையும் விசைப்பலகையும் வைத்தல் இயலாது, தேவையுமில்லை. பொறியாளர் பெரும்பாலும் வேறொரு நகரத்தில் இருந்துகொண்டே இவற்றைக் கண்காணிக்கிறார். அவ்வாறாயின், பழுதடைந்து பேச்சற்றுப்போன ஒரு சேவையகத்தைத் தொலைவிலிருந்து எவ்வாறு அணுகுவது? இவ்வினாவிற்கான விடையாகத் தோன்றியவையே கன்சோல் சுவிட்சுகள்.

உள்வழியும் புறவழியும்

தொலைநிலை மேலாண்மையை இரண்டாகப் பகுக்கலாம். சேவையகம் தன் வழக்கமான பணிக்குப் பயன்படுத்தும் வலையமைப்பின் வழியாகவே அதனை அணுகுதல் உள்வழி மேலாண்மை. எஸ்.எஸ்.எச். முதலிய மென்பொருள்கள் இவ்வகையின. இவை செயற்பட வேண்டுமாயின், இயங்குதளம் முழுமையாகத் தொடங்கியிருத்தல் வேண்டும், வலையமைப்பு அட்டை இயங்குதல் வேண்டும், ஐ.பி. முகவரி சரியாக அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் அணுக்கம் அற்றுப்போகும்.

சான்றாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தபின் ஒரு சேவையகம் மீளத் தொடங்கவில்லை எனக் கொள்வோம். எஸ்.எஸ்.எச். வழியே முயன்றால் மறுமொழி வாராது. ஆயின், அச்சேவையகத்தின் திரையில் பிழைச்செய்தி தெளிவாகத் தோன்றியிருக்கும். தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். தேவைப்படுவது அத்திரையைக் காண்பதும் ஒரு விசையை அழுத்துவதுமே. இயங்குதளத்தைச் சாராமல் இதற்கு வகைசெய்வது புறவழி மேலாண்மை.

தொடர்நிலைக் கன்சோல்

புறவழி மேலாண்மையின் பழைய வடிவம் தொடர்நிலைக் கன்சோல் ஆகும். 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ்.232 என்னும் தரநிலையை இது பின்பற்றுகின்றது. யூனிக்ஸ் கணினிகள் பலவும் இத்தகைய இணைப்பின் வழியே முனையங்களோடு உரையாடின. இன்றும் திசைவிகள், வலையமைப்புச் சுவிட்சுகள் முதலியவற்றில் ‘கன்சோல்’ எனக் குறிக்கப்பெற்ற துளையைக் காணலாம். பல கருவிகளின் துளைகளை ஒருங்கே இணைத்து, விரும்பிய ஒன்றைத் தொலைவிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யும் பெட்டியே கன்சோல் சேவையகம். அது கருவிகள் உமிழும் செய்திகளைத் தொடர்ந்து பதிவும் செய்யும். ஆதலால் ஒரு கருவி முடங்குமுன் இறுதியாகக் கூறியது என்ன என்பதைப் பின்னர்ப் படித்தறியலாம்.

இவ்விணைப்பின் வேகம் மிகக் குறைவு. வினாடிக்கு 9600 பிட் என்னும் வழக்கமான வேகத்தில், ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகள் உட்பட 10 பிட் தேவைப்படுவதால், வினாடிக்கு 960 எழுத்துகளே செல்லும். 80 நிரலும் 24 வரியும் கொண்ட ஒரு திரையில் 1920 எழுத்துகள் அடங்கும். அது நிரம்ப இரண்டு வினாடி ஆகும். எனினும், இக்குறைந்த தேவையே இதன் வலிமை. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்தும், கைப்பேசி வலையமைப்பின் வழியாகவும் இதனை இயக்க முடியும்.

மேலாளும் கருவியே மேலாளப்படும் கணினிக்கு ஊறு விளைவித்ததும் உண்டு. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் வகைக் கணினிகள், தொடர்நிலை இணைப்பில் ‘பிரேக்’ என்னும் குறிகையைப் பெற்றால் இயக்கத்தை நிறுத்திக் கட்டளைக்குக் காத்திருக்கும் வண்ணம் அமைக்கப்பெற்றிருந்தன. கன்சோல் சேவையகத்தின் மின்சாரத்தை அணைக்கும்போது அக்குறிகை தற்செயலாக எழ, இணைந்திருந்த கணினிகள் ஒருங்கே நின்றுபோகும். பின்னர் வந்த கன்சோல் சேவையகங்கள் இக்குறையைக் களைந்தன.

கே.வி.எம். சுவிட்ச்

தனிநபர்க் கணினியின் வழிவந்த சேவையகங்கள் தொடர்நிலை இணைப்பைவிடத் திரையையும் விசைப்பலகையையுமே மிகுதியும் நம்பியிருந்தன. விசைப்பலகை, திரை, சுட்டி ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளால் பெயர்பெற்ற கே.வி.எம். சுவிட்ச், ஒரே தொகுதியைக் கொண்டு பல சேவையகங்களை இயக்க வழிசெய்தது. விசைப்பலகை இணைக்கப்படாதபோது பழைய கணினிகள் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். ஆதலால் இச்சுவிட்ச், தான் வேறொரு சேவையகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதும், ஏனையவற்றிற்கெல்லாம் விசைப்பலகை இணைந்திருப்பதாகவே தோற்றங்காட்டும்.

இதன் அடுத்த வளர்ச்சி ஐ.பி.வழிக் கே.வி.எம். ஆகும். சேவையகத்தின் திரைக்காட்சியை எண்ணிம வடிவிற்கு மாற்றிச் சுருக்கி இது வலையமைப்பில் அனுப்புகின்றது. 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையை, புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 60 படம் என்னும் கணக்கில் அப்படியே அனுப்ப வேண்டுமாயின், வினாடிக்கு ஏறத்தாழ 113 கோடி பிட் தேவைப்படும். ஆகவே மாறிய பகுதியை மட்டும் அனுப்புதல் முதலிய உத்திகள் கையாளப்படுகின்றன. தொலைவிலுள்ள வட்டின் பிம்பத்தைச் சேவையகத்தோடு இணைத்து, இயங்குதளத்தையே புதிதாக நிறுவும் வசதியும் பல கருவிகளில் உண்டு.

சேவையகத்தினுள் புகுந்த கன்சோல்

1998இல் இன்டெல், எச்.பி., என்.இ.சி., டெல் ஆகிய நிறுவனங்கள் ஐ.பி.எம்.ஐ. என்னும் தரநிலையை வெளியிட்டன. இதன்படி, பி.எம்.சி. எனப்படும் சிறு கணினி ஒன்று சேவையகத்தின் தாய்ப்பலகையிலேயே இடம்பெறும். சேவையகம் அணைந்திருப்பினும், மின்னிணைப்பு உள்ளவரை காத்திருப்பு மின்சாரத்தில் இது விழித்திருக்கும். 2004இல் வந்த இரண்டாம் பதிப்பு, தொடர்நிலைக் கன்சோலை வலையமைப்பின் வழியே அனுப்பும் முறையையும் தரப்படுத்தியது. 2015இல் ரெட்ஃபிஷ் என்னும் புதிய தரநிலை வந்தது.

இதனால் தனிக் கன்சோல் சுவிட்ச் தேவையற்றதாகிவிட்டதோ எனின், அன்று. பி.எம்.சி.யை அணுகவும் ஒரு வலையமைப்பு வேண்டும். அவ்வலையமைப்பைத் தாங்கும் திசைவிகளே முடங்கினால், அவற்றைச் சீர்செய்யத் தொடர்நிலைக் கன்சோலே துணை. மேலும், செலவைக் குறைக்கும் பொருட்டுச் சேவையகத்தின் வழக்கமான வலையமைப்புத் துளையையே பி.எம்.சி.யும் பகிர்ந்துகொள்ளுமாறு அமைப்பதுண்டு. அந்நிலையில் புறவழி என்பது பெயரளவிலேயே புறவழியாகும்.

இரு முடக்கங்கள் உணர்த்துவன

2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் முடங்கின. அந்நிறுவனம் மறுநாள் அளித்த விளக்கத்தின்படி, வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கை மென்பொருள், தன்னிடமிருந்த பிழையால் அதனைத் தடுக்கவில்லை. தரவு மையங்களோடு தொடர்பிழந்த களப்பெயர்ச் சேவையகங்கள், தம்மை அடையும் வழி பற்றிய அறிவிப்பை இணையத்திலிருந்து தாமே விலக்கிக்கொண்டன. பொறியாளர்களின் உள் கருவிகள் பலவும் அக்களப்பெயர் அமைப்பையே நம்பியிருந்தமையால் அவையும் செயலிழந்தன. வழக்கமான வழியோடு புறவழியும் கிட்டவில்லை. பொறியாளர்கள் நேரில் அனுப்பப்பட்டனர். கடுமையான காவல் ஏற்பாடுகளைக் கடந்து அவர்கள் கருவிகளை அடையக் காலம் பிடித்தது.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கியது. 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். 911 அவசர அழைப்பும் அவர்களுட் பலருக்குக் கிட்டவில்லை. மேம்படுத்தும் பணியின்போது திசைவியில் ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதும், மைய வலையமைப்பு அளவுக்கு மீறிய வழித்தகவல்களால் நிலைகுலைந்ததும் காரணம். அந்நிறுவனத்தின் மேலாண்மை வலையமைப்பு அம்மைய வலையமைப்பையே சார்ந்திருந்தது. ஆதலால் ஊழியர்கள் கருவிகளை அணுக முடியாமற்போனதோடு, ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளப் பிற நிறுவனங்களின் சிம் அட்டைகளையும் நாட நேர்ந்தது.

இரண்டிலும் மூலப்பிழை சிறியது. அதனைத் திருத்தும் வழியும் அப்பிழையோடு சேர்ந்தே அடைபட்டமையால் முடக்கம் நீண்டது.

பாதுகாப்பு

கன்சோலைக் கைப்பற்றியவர், சேவையகத்தின்முன் நேரில் அமர்ந்திருப்பவருக்கு நிகரானவர். மீளத் தொடக்கவும், வேறோர் இயங்குதளத்தை ஏற்றவும் அவரால் இயலும். ஐ.பி.எம்.ஐ. இரண்டாம் பதிப்பின் நெறிமுறையில், அடையாளம் உறுதிப்படுமுன்னரே கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்பெற்ற மதிப்பைச் சேவையகம் வெளியிட்டுவிடும் குறை 2013இல் வெளிப்பட்டது. நெறிமுறையிலேயே பொதிந்த குறையாதலால், மென்பொருளைத் திருத்துவதால் மட்டும் இது நீங்குவதன்று. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, கூட்டாட்சி அமைப்புகளின் இத்தகைய மேலாண்மை இடைமுகங்கள் பொது இணையத்திற்குத் திறந்திருத்தல் கூடாது என 2023 ஜூனில் கட்டளையிட்டது. ஆகவே புறவழி தனித்திருந்தால் மட்டும் போதாது, காக்கப்படவும் வேண்டும்.

அமைப்பிற்கு வேண்டுவன

மேற்கண்டவற்றால் நான்கு தேவைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கன்சோல் சுவிட்ச் வேறொரு நிறுவனத்தின் இணைப்பையோ கைப்பேசி வலையமைப்பையோ கொண்டிருத்தல். இரண்டாவது, அதற்கெனத் தனி மின்வழி இருத்தல். மூன்றாவது, மைய அடையாளச் சேவையகமும் களப்பெயர் அமைப்பும் முடங்கினாலும் நுழையத்தக்க உள்ளூர்க் கணக்கும், கருவிகளின் முகவரிகளைக் கொண்ட அச்சுப்படியும் பாதுகாப்பாக இருத்தல். நான்காவது, முதன்மை வலையமைப்பு முற்றிலும் அற்றுப்போனதாகக் கொண்டு, குறித்த கால இடைவெளியில் ஒத்திகை பார்த்தல். முன்மூன்றும் உண்மையில் நிறைவேறியுள்ளனவா என்பதை நான்காவதே காட்டும்.

முடிவுரை

தொடர்நிலைக் கன்சோல், கே.வி.எம். சுவிட்ச், பி.எம்.சி. ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில் தோன்றியவை. ஆயின் ஒன்றையொன்று முற்றிலும் அகற்றவில்லை. இம்மூன்றின் பயனும் கருவியின் திறனைவிட அதனை அடையும் வழியின் தனித்தன்மையையே பொறுத்துள்ளது. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் தம் எண்ணிமத் தொகுப்புகளைச் சேவையகங்களில் வைக்கும் இக்காலத்தில், அவற்றின் பொறுப்பாளர்கள் கேட்க வேண்டிய முதல் வினா, ‘கன்சோல் சுவிட்ச் உண்டா?’ என்பதன்று, ‘வலையமைப்பு முழுவதும் நின்றுபோன பொழுதில் அதனை எவ்வழியே அடைவோம்?’ என்பதே.