உங்களுக்குத் தெரியுமா? – கப்பலேறும் சரக்கு

● ஏற்றுமதி ஆடை தைக்கும் யூனிட்டில் ஊசி உடைந்தால் அந்த மெஷின் அப்படியே நின்றுவிடும். துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஒன்றோடொன்று வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ரிஜிஸ்டரில் செலோடேப்பால் ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே கிடந்த துணி முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் ஓட்ட வேண்டும். அந்த முனை ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விடக் கூடாதே!

● 3,000 சட்டை கொண்ட ஆர்டரில் வெளிநாட்டு பையரின் ஆள் எத்தனையைப் பிரித்துப் பார்ப்பார்? ஏ.க்யூ.எல். 2.5 என்ற வழக்கமான தர அளவுகோலின்படி 125. பெரிய குறையுள்ளவை 7 வரை இருந்தால் பாஸ். 8 ஆகிவிட்டால் மொத்த லாட்டும் ஃபெயில். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். யூனிட்காரர் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டுப் போனால், அதற்குச் சோதனை என்று பெயர் வைக்க முடியாது.

● 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தது சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி இயந்திரங்களை 1992-ல் வாங்கி வந்து, அந்த நிறுவனத்துக்கே மூடி செய்து அனுப்பியது. சிறந்த சப்ளையர் விருதும் வாங்கியது.

● அதே 1992-ல்தான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் பிறந்தது. கண்புரை எடுத்த பின் உள்ளே வைக்கும் லென்ஸ், வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏறத்தாழ 100 டாலர். இங்கே சுமார் 10 டாலருக்குச் செய்தார்கள். ஐரோப்பாவின் சி.இ. தரச்சான்றும் பெற்றார்கள். மதுரை லென்ஸ் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மலிவு என்றால் மட்டம் என்று இனி யாரும் நம் ஊரில் பேச வேண்டாம்.

● இதே தமிழ்நாட்டில் மனம் பதறும் கதையும் உண்டு. சென்னை அருகே ஓர் ஆலையில் தயாரான, கண் வறட்சிக்கான சொட்டு மருந்து அமெரிக்காவில் அங்குள்ள கம்பெனிகளின் லேபிளோடு விற்பனையானது. மருந்தை வாங்கியவர்கள் படித்தது அந்த லேபிளைத்தான். அந்த மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை போனது. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 4 பேர் இறந்தார்கள். தொற்று பற்றி அமெரிக்கா எச்சரித்தது 2023 ஜனவரியில். அந்நாட்டு ஆய்வாளர்கள் ஆலைக்கு நேரில் வந்தது பிப்ரவரி 20-ல்.