மூலக்கொத்தளத்தைச் சுற்றியுள்ள நீர்நிலைகள்

மூலக்கொத்தளம் வடசென்னையில் பேசின் பாலம் தொடருந்து நிலையத்திற்கு அருகே அமைந்துள்ள பகுதியாகும். இங்கிருந்து எளிதில் சென்று காணக்கூடிய நீர்நிலைகளில் பக்கிங்காம் கால்வாய், புழல் ஏரி, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு ஏரி ஆகியன முதன்மையானவை. இவை தனித்தனி இடங்களாகத் தோன்றினாலும் நீர்ப்போக்கால் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஏரிகளின் மிகைநீர் எண்ணூர் வழியாகவே கடலை அடைகிறது. ஆகையால் முகத்துவாரத்தின் நிலை வடசென்னையின் வெள்ள வடிகாலையும் மீனவர் வாழ்வையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது.

ஏழுகிணறும் பக்கிங்காம் கால்வாயும்

மூலக்கொத்தளத்தை அடுத்துள்ள ஏழுகிணறு, 1772-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் வழங்குவதற்காகத் தோண்டப்பட்ட கிணறுகளால் பெயர் பெற்றது.

பக்கிங்காம் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பேசில் காக்ரேன் என்பவரால் வெட்டப்பட்டது. பின்னர் வடக்கே ஆந்திரக் கடலோரம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டிக்கப்பட்டது. 1876-78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக இதன் ஒரு பகுதி வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் வந்து நின்ற நீர்த்துறையே ‘பேசின்’ எனப்பட்டது. பேசின் பாலத்தின் பெயர் அதிலிருந்து வந்ததாகும். ஓட்டேரி நல்லா எனும் ஓடையும் இப்பகுதியில்தான் கால்வாயில் கலக்கிறது. இன்று படகுப் போக்குவரத்து இல்லை. நகரின் கழிவுநீரே பெரும்பாலும் ஓடுகிறது.

புழல் ஏரி

செங்குன்றம் ஏரி என்றும் அழைக்கப்படும் புழல் ஏரி, சென்னையின் முதன்மையான குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும். இதன் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 1872-இல் இங்கு மதகுக் கட்டடம் அமைக்கப்பட்டு, திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்திற்கு நீர் கொண்டு செல்லப்பட்டது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் செயல்படத் தொடங்கியது.

ஏரி நிரம்பும்போது திறக்கப்படும் மிகைநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகச் சென்று எண்ணூர் அருகே கலக்கிறது. ஆகவே புழல் மதகுகள் திறக்கப்படும் செய்தி வெளியாகும்போதெல்லாம் தாழ்வான இப்பகுதி மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுவது வழக்கம். ஏரி குடிநீருக்கானது என்பதால் நீரில் இறங்குவதையும் குப்பை போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரமும்

கொற்றலை ஆறு என்றும் வழங்கப்படும் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. இது சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயரிடப்பட்டுள்ளது. தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து வரும் ஆறு, மணலி புதுநகர் அருகே சென்று எண்ணூரில் கடலில் கலக்கிறது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டபோது மணலி புதுநகர் வெள்ளத்தில் சூழப்பட்டது.

முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதால் இறால், நண்டு, மீன் ஆகியவை பெருகுகின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்களும், கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் இந்நீரை நம்பி வாழ்கின்றனர். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழம் குறைந்துள்ளது. ஆழம் குறைந்தால் மீன்வளம் குறைவதோடு, வெள்ளம் வடிவதும் தாமதமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து பரவிய எண்ணெய் முகத்துவாரத்தில் படர்ந்து, படகுகளும் வலைகளும் பாழாயின. மீன்பிடித் தொழிலும் முடங்கியது.

பழவேற்காடு ஏரி

பழவேற்காடு ஏரி, சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறு, காளங்கி ஆறு ஆகியன இதில் கலக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ எனும் வழக்கம் இங்குள்ள மீனவரிடையே நிலவுகிறது. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகளையும் ஊருக்குள் காணலாம்.

2011 டிசம்பர் 25 அன்று இங்குப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். ஆகவே உள்ளூர்க் காவல்துறையின் கட்டுப்பாடுகளை அறியாமல் படகில் ஏறக் கூடாது.

செல்லும் வழியும் காலமும்

சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி புறநகர்த் தொடருந்து பேசின் பாலம், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் செல்கிறது. எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையே வண்டி நீர்ப்பரப்பைக் கடக்கும்போது முகத்துவாரப் பகுதியைச் சன்னலோரத்திலிருந்தே பார்க்கலாம். பழவேற்காட்டிற்குப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் செல்ல வேண்டும். புழலுக்குச் செங்குன்றம் செல்லும் மாநகரப் பேருந்துகள் உதவும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. அப்போது ஏரிகளில் நீர் இருக்கும், பறவைகளையும் காணலாம். முதலில் புழலையும் அதன்பின் எண்ணூரையும் பார்ப்பவர், மழைநீர் நகரைக் கடந்து கடலை அடையும் பாதையையும் அப்பாதையில் ஏற்பட்டுள்ள அடைப்புகளையும் நேரில் அறிந்துகொள்ளலாம்.