வீட்டுக்குள்ளே ஒரு சந்தை

சங்கரன்கோயிலுக்கும் கடையநல்லூருக்கும் நடுவே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் பெயர் பாம்புக்கோயில்சந்தை. சந்தை அங்கே ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலையத்தின் பலகையிலும் ஏறிவிட்டது. அந்த வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர்களில் என் பெற்றோரும் அடக்கம்.

ஊர்ச் சந்தைக்கு மரநிழல் உண்டு. வண்டி நிற்க இடம் உண்டு. தாராவியில் என் தாயார் கூட்டிய சந்தைக்கு இடம் ஒரு டிரங்குப் பெட்டி. அதன்மேல் வெளுத்த வேட்டித் துண்டு ஒன்றை விரிப்பார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மோர் மிளகாய், வடகம், சுண்டைக்காய் வற்றல், ஊரிலிருந்து வந்த கருப்பட்டி எல்லாம் அதன்மேல் வரிசையாக உட்காரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதிலேதான் சமையல், படுக்கை, எங்கள் படிப்பு எல்லாம்.

பொழுது போகாமல் தொடங்கிய தொழில் அல்ல அது. 1982 ஜனவரி 18-ம் தேதி அன்றைய பம்பாயில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. என் தந்தையார் அவர்களில் ஒருவர். இன்று முடியும், நாளை முடியும் என்றார்கள். ஓராண்டு கடந்தும் முடிந்த பாடில்லை. வேலைக்குத் திரும்ப முடியாமலே போனவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருந்ததற்குக் காரணம் அந்த டிரங்குப் பெட்டிதான்.

இன்றைக்கும் மும்பையில் நம்மவர்கள் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு சிறு சந்தை நடக்கிறது. மாவு அரைத்துக் கொடுப்பவர்கள், முறுக்குச் சுற்றுபவர்கள், ஊறுகாய் போடுபவர்கள் எத்தனையோ பேர். தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சந்தை கற்றுக் கொடுத்த பாடம்

ஊர்ச் சந்தைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றை என் தாயார் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

முதலாவது, சந்தைக்கு நாள் உண்டு. ஏழு நாளும் கூடினால் அது சந்தை அல்ல, கடை. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரைதான் அவர் விற்பார். மற்ற நாளில் யாராவது கதவைத் தட்டினால், "ஞாயித்துக்கிழமை வா மயினி, புதுசா வறுத்து வைக்கேன்" என்று அனுப்பிவிடுவார். வீட்டை வீடாகக் காப்பாற்றியது இந்த ஒழுங்குதான். நேரம் காலம் இல்லாமல் ஆள் வந்து போனால் பிள்ளைகள் படிக்க முடியாது. வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்காது.

இரண்டாவது, கடன் கிடையாது. "சந்தையில கடன் கொடுத்தா மறுவாரம் அவன் வேற வழியாப் போவான்லே. சரக்கும் போச்சு, ஆளும் போச்சு" என்பார். கடனுக்குப் பதிலாகக் கொசுறு கொடுப்பார். பொடி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வாங்கியவருக்கு மனம் நிறையும். கொடுத்தவருக்குக் கை கடிக்காது.

மூன்றாவது, அந்தந்தப் பருவத்துச் சரக்கு. இதை மும்பை மழை எங்களுக்குக் கடுமையாகவே கற்றுக் கொடுத்தது. ஊரில் ஆனி மாதத்திலும் வடகம் காயும். இங்கே ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை வானம் விடாது. முதல் ஆண்டு ஜூன் மாதம் பிழிந்த வடகம் முழுவதும் பூஞ்சை பிடித்து, அரிசியும் உழைப்பும் குப்பைக்குப் போயின.

பக்கத்து அறை மராட்டிய அம்மையார்தான் வழி காட்டினார். மராட்டிய வீடுகளில் கோடையில் அப்பளம், கோதுமைப் பாலில் பிழியும் குர்டை எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து ஆண்டு முழுவதற்கும் டின்னில் அடைத்துவிடுவார்கள். வாளவண் என்று அதற்குப் பெயர். நமக்கு வற்றல் வடகம், அவர்களுக்கு வாளவண். அதன்பிறகு எங்கள் வீட்டில் மார்ச் முதல் மே வரை வடகம், மோர் மிளகாய். மழைக்காலத்தில் பொடி வகைகள். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம். தை பிறக்கும்போது கருப்பட்டி, கோலப்பொடி என்று வரிசை அமைந்தது.

கணக்கில் வராத கூலி

எல்லாம் சரி, லாபம் எவ்வளவு? இங்கேதான் என் தாயாரும் தவறினார். இன்று பல வீடுகளும் தவறுகின்றன.

பருப்பு விலை, மிளகாய் விலை, மண்ணெண்ணெய் விலை எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வறுத்த உழைப்புக்கு மட்டும் கணக்கு இல்லை. "வீட்டுல சும்மாதானே இருக்கேன்" என்பார். சும்மா இருந்தவரின் மணிக்கட்டு நாற்பத்தைந்து வயதில் வீங்கிப்போயிற்று. மருந்துச் செலவை எந்த லாபத்தில் கழிப்பது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விலைகளை உங்கள் பேட்டைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் போக்குத்தான் முக்கியம்.

இட்லிப் பொடிக்கு உளுந்து அரைக் கிலோ 70 ரூபாய். கடலைப் பருப்பு கால் கிலோ 25 ரூபாய். எள் 100 கிராம் 25 ரூபாய். வற்றல் மிளகாய் 125 கிராம் 30 ரூபாய். உப்பு, பெருங்காயம், எண்ணெய் 15 ரூபாய். எரிவாயுவும் மின்சாரமும் 15 ரூபாய். உறையும் சீட்டும் 20 ரூபாய். மொத்தம் 200 ரூபாய். வறுத்து அரைத்துச் சலிப்பதில் குறைவது போக 900 கிராம் பொடி தேறும் என்று வையுங்கள். நூறு கிராம் பொட்டலம் 40 ரூபாய் வீதம் ஒன்பது பொட்டலம் 360 ரூபாய்.

செலவு 200, வரவு 360. லாபம் 160 ரூபாய் என்று மகிழ்ந்துவிடுகிறோம்.

பொறுக்கிச் சுத்தம் செய்து, வறுத்து, ஆறவைத்து, அரைத்து, சலித்து, நிறுத்துக் கட்ட மூன்று மணி நேரம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தாலும் 180 ரூபாய். அப்படியானால் 160 ரூபாய் லாபம் அல்ல. 20 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தாங்குவது வீட்டுப் பெண்ணின் உடம்பு.

அதற்காகத் தொழிலை விட்டுவிட வேண்டியதில்லை. அதே பொடியை நாலு மடங்கு அளவில் ஒரே தடவையில் செய்தால் நேரமும் நாலு மடங்காகிவிடாது. மூன்று மணி நேரம் ஐந்து மணி நேரமாகலாம். பொருள் செலவு 800, கூலி 300, மொத்தம் 1,100 ரூபாய். முப்பத்தாறு பொட்டலம் விற்றால் 1,440 ரூபாய். கூலி போக 340 ரூபாய் மிஞ்சுகிறது. இதுதான் லாபம். முப்பத்தாறு பொட்டலத்துக்கு ஆள் இல்லை என்றால் விலையைக் கூட்ட வேண்டும். இல்லையேல் அந்தப் பண்டத்தையே விட்டுவிட வேண்டும். கூலியை எழுதினால்தான் இந்த முடிவை எடுக்க முடியும்.

மும்பைப் பெண்கள் காட்டிய வழி

இந்த ஊரிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1959 மார்ச் 15-ம் தேதி கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனை வைத்துக்கொண்டு அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு லிஜ்ஜத் பப்பட் என்று நாடெங்கும் பெயர் பெற்றது. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்களுடைய வளர்ச்சியைப் பார்த்து வியப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவர்களுடைய முறையையும் கவனிக்க வேண்டும். உறுப்பினர்கள் பிசைந்த மாவை வாங்கிச் சென்று, தங்கள் வீட்டிலேயே இட்டுக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இட்ட எடைக்குத் தக்கபடி கூலி உண்டு. லாபத்தில் பங்கு அதற்கு மேல். கூலி வேறு, லாபம் வேறு என்று பிரித்து வைத்ததால்தான் வீட்டுப் பெண்ணின் கைவேலைக்கு மதிப்பு வந்தது.

ஆலைப் பகுதியில் இன்னொரு கதை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சோறு பொங்கிப் போட்ட பெண்கள் ஏராளம். அவர்கள் வட்டிக்காரர்களிடம் சிக்கித் தவித்தார்கள். 1975-ல் பிரேமா புரவ் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார். அடுப்படியில் நடந்தது ஒரு தொழில் என்பதை ஒப்புக்கொள்ளவைத்து, வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார்.

தொடங்குபவர்களுக்கு

இப்போது எங்கள் வீட்டில் அந்தச் சந்தையை நடத்துபவர் என் மனைவி. டிரங்குப் பெட்டி போய் ஓர் அலமாரி வந்திருக்கிறது. சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் போகிறது. ஞாயிறு காலை ஆட்கள் வருகிறார்கள். பணம் பெரும்பாலும் போன் வழியாகவே வந்து சேர்கிறது. எங்கள் அனுபவத்தில் கண்டவை சில:

வீட்டுப் பணத்தையும் சந்தைப் பணத்தையும் கலக்காதீர்கள். இரண்டு டப்பா வையுங்கள். வங்கிக் கணக்கும் இரண்டாக இருந்தால் நல்லது.

வீட்டுச் சமையலுக்கு எடுக்கும் பொடியையும் விற்பனையாக எழுதுங்கள். விருந்தாளிக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலத்துக்கும் கணக்கு உண்டு. குமாஸ்தா வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அலுவலக நோட்டை ஒழுங்காக எழுதும் கை, வீட்டு நோட்டையும் எழுதட்டும்.

மிளகாய் வறுப்பதற்குமுன் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள். மாடி முழுவதும் இருமினால் வாடிக்கையும் போகும், உறவும் போகும். முற்பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து வறுப்பது நல்லது.

உண்ணும் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். 2006-ல் வந்த சட்டம் அது. வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் இது பொருந்தும். பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். பொட்டலத்தின்மேல் அந்த எண்ணோடு, சேர்மானம், எடை, விலை, கட்டிய தேதி, எத்தனை நாளைக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது, உங்கள் முகவரி எல்லாம் இருக்கட்டும். வாங்குகிறவருக்கு நம்பிக்கை; உங்களுக்கும் பாதுகாப்பு.

ஊரிலிருந்து வாங்கி விற்கும் சரக்கில் கவனம் தேவை. கருப்பட்டியில் சர்க்கரைப் பாகு கலப்பது உண்டு. காய்ச்சுபவரை நேரில் அறிந்து வாங்குங்கள். பனையில் பதநீர் இறங்காத மாதங்களில் புதுக் கருப்பட்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தை மனைவியுடையது, ஓய்வு நம்முடையது என்று இருக்கலாகாது. நிறுப்பதும், சீட்டு ஒட்டுவதும், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நம்மால் முடிகிற வேலைதான்.

என் தாயாருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. சென்ற மாதம் மருமகள் நோட்டு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முதல் வரியில் "கூலி" என்று இருந்தது. "இது யாருக்கும்மா?" என்று கேட்டார். "எனக்குத்தான் அத்தை" என்றாள் அவள். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு ஒருத்தரும் எழுதலையேலே" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கூலியில் வளர்ந்தவன் நான்.

வீட்டில் சந்தை கூட்ட நினைக்கும் குடும்பங்கள் அடுப்பு வாங்கும்முன், தராசு வாங்கும்முன், ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தின் முதல் வரியில் உழைப்பவரின் கூலியை எழுதுங்கள். பருப்பு விலையும் மிளகாய் விலையும் அதற்குக் கீழே வரட்டும்.