தராசில் ஒன்று, முட்டியில் நான்கு

‘இரண்டு முட்டியும் தேய்மானம். நடந்தால் எடை குறையும் என்கிறார் டாக்டர். எடை குறைந்தால்தான் நடக்க முடியும் என்கிறது முட்டி. உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கொழுப்பு கரையும் என்று ஒரு வீடியோ வந்தது. செய்யலாமா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

செய்யலாம், காசா பணமா! ஆனால் அந்த வீடியோவுக்கு மூலம் 2022இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹாமில்டன் குழு வெளியிட்ட ஆய்வு. கெண்டைக்காலில் உள்ளே இருக்கும் சோலியஸ் தசையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் நெடுநேரம் இயக்கினால், குளுக்கோஸ் குடித்த பிறகு ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று கண்டார்கள். அதுவும் ஆய்வகத்தில், கொஞ்சம் பேரிடம். எடை குறையுமா என்பது அவர்கள் கேட்ட கேள்வியே இல்லை. எடைக் குறைப்பை வழியில் யாரோ சேர்த்துவிட்டார்கள்.

முட்டி வலிக்காரர்களை வைத்தே நடத்திய நல்ல சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு நடத்தி 2013இல் வெளியிட்டது. 55 வயதுக்கு மேற்பட்ட, எடை கூடிய, முட்டி தேய்ந்த 454 பேர், 18 மாதம். வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 1.8 கிலோ. சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களுக்கு 8.9. இரண்டும் செய்தவர்களுக்கு 10.6.

வாசகியின் முடிச்சில் பாதி இங்கேயே அவிழ்கிறது. எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில்தான். நடக்க முடியாதது அதற்குப் பெரிய தடை இல்லை. அரை மணி நேர நடையில் செலவாகும் நூற்றுச் சொச்சம் கலோரியை ஒரு மெதுவடை ஏறக்குறையத் திருப்பிக் கொடுத்துவிடும்.

தட்டில் குறைத்தது முட்டிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இதில் ருசியான இடம். எடை ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று இதே மெஸ்ஸியர் குழு 2005இல் கணக்கிட்டது. ஒன்று எப்படி நான்காகிறது?

கிணற்றுக் கப்பியைப் பாருங்கள். பத்துக் கிலோ வாளியை நிறுத்திப் பிடிக்க நீங்களும் பத்துக் கிலோ பலத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். கப்பி தொங்கும் கட்டைக்கு எவ்வளவு பாரம்? இருபது. வாளியோடு உங்கள் இழுப்பும் அதன் தலையில்தான். முட்டியில் சில்லுதான் கப்பி, தொடைத் தசை கயிறு. தாழ்ந்த பலகையிலிருந்து எழும்போது உடம்பின் பாரம் முட்டிக்கு ஒரு சாண் பின்னால் விழுகிறது. முட்டியை நிமிர்த்தும் தசைநாரோ மூட்டின் மையத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது. அவ்வளவு கிட்டத்தில் நின்று இழுப்பதால் அந்தக் காலுக்கு வரும் பாரத்தைப் போல் நாலைந்து மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பெல்லாம் மேலெலும்பையும் கீழெலும்பையும் சேர்த்து நெரிக்கிறது. நடக்கும்போதும் தசைகள் இப்படித்தான் இழுத்து நெரிக்கின்றன. சில்லு தசைநாரை முன்னே தள்ளிப் பிடிப்பதால்தான் இந்த மட்டோடு போகிறது.

கப்பியை விட மனம் வரவில்லை. கயிறு நைந்தால் வாளி நிலைக்காது: தொடைத் தசை மெலிந்தால் முட்டி தள்ளாடும். இறைக்காத கிணற்றுக் கப்பி துருவேறும்: குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அமுங்கி விடுபடும்போதுதான் மூட்டுநீரிலிருந்து ஊட்டம் எடுத்துக்கொள்கிறது, அசையாத முட்டி பட்டினி கிடக்கும். எண்ணெய் விடலாமா என்று கேட்காதீர்கள். கப்பிக்கு விடலாம், முட்டியின் மேல் தடவுவது குருத்தெலும்பு வரை போவதில்லை.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: தூக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு பலத்தில் தசைகள் இழுக்கின்றன என்று இத்தாலியர் போரெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். போதும்.

முட்டி தாங்கும் பாரத்தை அளந்தே பார்த்தது பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில். ஐந்து பேரின் செயற்கை மூட்டுக்குள் உணரிகளை வைத்து 2010இல் வெளியிட்ட கணக்கு இது: சமதரையில் நடந்தால் உடல் எடையில் 261 சதவீதம், படியேறினால் 316, படியிறங்கினால் 346. எண்பது கிலோ ஆள் மாடியிலிருந்து இறங்கும்போது ஒரு முட்டியின் மேல் சுமார் 275 கிலோ. மெஸ்ஸியரின் ஒன்றுக்கு நான்கு கணக்கில், மூன்று கிலோ குறைத்து, ஒவ்வொரு காலாலும் இரண்டாயிரம் அடி வைத்தால் முட்டிக்கு நாளுக்கு 24 டன் மிச்சம் என்று தலைப்புக்கூடப் போடலாம். மூட்டு கூட்டல் கணக்குப் போடாது. அடிக்கு அடி 12 கிலோ குறைவு என்பதே அதற்குப் போதும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். முதலில் குறைக்க வேண்டியவை இரண்டாம் முறை போடும் சோறு, நாலு மணி பஜ்ஜி, டீயில் போடும் சர்க்கரை. ஆனால் சாப்பாட்டை வெறுமனே வெட்டினால் கொழுப்போடு தசையும் போகும். பாரத்தைக் குறைக்கப் போய்க் கயிற்றையே அறுத்த கதை. அதனால் சோறு குறைந்த இடத்தில் சுண்டல், பருப்பு, முட்டை, மீன். கூடவே தொடைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குவது. வலி பொறுக்குமட்டும் போதும். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்திக்கொண்டு, கைப்பிடியை ஊன்றி எழுந்தால் தசையின் இழுப்பு குறையும். படியில், அதுவும் இறங்கும்போது, கம்பியைப் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெஸ்ஸியர் சோதனையின் அந்த 10.6 கிலோவும் சும்மா வந்துவிடவில்லை. தினம் இரண்டு வேளை வரை சாப்பாட்டுக்குப் பதில் பானம், பக்கத்தில் ஆலோசகர்கள் என்று தாங்கித்தான் குறைத்தார்கள். அப்படியும் 18 மாதத்துக்கு வகுத்தால் மாதம் அறுநூறு கிராம்கூட இல்லை. ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் யாரும் 454 பேரை ஒன்றரை வருஷம் நிறுத்துப் பார்த்ததில்லை.