கூடி எண்ணித் தொடங்குவோம்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமோ சதுரங்கம் பற்றி எழுதப் புகுந்தோம். அட்டன் நகரை அடுத்த தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பதோடு, அங்குள்ள சதுரங்கக் குழுவையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகின்றோம். பலர் கூடி ஓர் ஆட்டத்தின் தொடக்கத்தைத் திட்டமிடுவது எங்ஙனம் என்பதை அங்கேதான், அதுவும் தவறிழைத்துத்தான், நாம் கற்றோம்.

சதுரங்கம் முறை வைத்து ஆடும் ஆட்டம். முதல் நகர்வில் வெள்ளைக்கு உள்ள வழிகள் 20. காலாட்கள் எட்டும் ஒரு கட்டமோ இரு கட்டமோ செல்லலாம் ஆதலின் 16. குதிரைகள் இரண்டுக்கும் 4. கறுப்புக்கும் அவ்வாறே 20 வழிகள் உள்ளமையால், ஆளுக்கு ஒரு நகர்வு முடிந்தவுடனேயே 400 நிலைகள் தோன்றிவிடும். அதன்பின் பெருகும் தொகையை மனனஞ் செய்ய எவராலும் இயலாது. ஆகவே தொடக்கத் திட்டம் என்பது நகர்வுகளின் பட்டியல் அன்று. எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னுக்கு விடுவது என்னும் தெளிவே ஆகும்.

அத்தெளிவு மூன்று கடமைகளுள் அடங்கும். முதலாவது, பலகையின் நடுவிடத்தைப் பற்றிக்கொள்ளுதல். நடுவில் நிற்கும் குதிரை 8 கட்டங்களைத் தாக்கும். மூலையில் நிற்பதோ 2 கட்டங்களையே தாக்கும். இரண்டாவது, குதிரைகளையும் அமைச்சர்களையும் காலந்தாழ்த்தாது வெளிக்கொணர்தல். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்துவோன் ஏனைய காய்களை உறங்க விடுகின்றான். மூன்றாவது, கோட்டை கட்டி அரசனைக் காத்தல். இம்மூன்றும் கைவரப்பெற்றவன் எதிரி எவ்வழி வரினும் கலங்கான்.

கூடித் திட்டமிட்டு ஆடியமைக்குச் சென்னையிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. 1828, 1829ஆம் ஆண்டுகளில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடித மூலம் இரண்டு ஆட்டங்கள் நடைபெற்றன. சென்னை அணியை முன்னின்று நடத்தியவர் குலாம் காசிம் என்பார். இரண்டிலும் சென்னையே வென்றது. அவர், சென்னை அரசாங்க அலுவலரான ஜேம்ஸ் கொக்ரேனோடு சேர்ந்து, அவ்வாட்டங்களையும் ‘முசியோ’ எனப்படும் தொடக்க முறை பற்றிய ஆராய்ச்சியையும் 1829இல் சென்னையிலேயே நூலாக்கினார். அம்முறையில் வெள்ளை தன் குதிரையைப் பலிகொடுத்துப் பிற காய்களை விரைந்து களத்திற் கொணரும். நம் முன்னோர் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களை நோக்கி வரத்தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே.

அண்மைக் காலத்துச் சான்று 1999இல் நிகழ்ந்தது. உலக வீரராக விளங்கிய கஸ்பரோவ் ஒருபுறமும், 75க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000க்கும் அதிகமானோர் மறுபுறமுமாக இணையவழி ஒரே ஆட்டத்தை ஆடினர். உலகத்தார் தம் நகர்வை வாக்களித்துத் தெரிந்தனர். பத்தாம் நகர்வில், அரசியைக் கொண்டு அவர்கள் ஆடிய புதுமை கஸ்பரோவையே நெடிது சிந்திக்க வைத்தது. அதனை முன்மொழிந்தவர் 15 வயதினரான ஐரினா குருஷ் என்னும் பெண். முடிவில் 62 நகர்வுகளில் கஸ்பரோவ் வென்றாராயினும், கூட்டத்தில் வயதிற் குறைந்த ஒருவரின் சொல்லுக்குச் செவிசாய்த்தமையாலன்றோ அவ்வாட்டம் அத்துணை நீண்டது!

இனி நம் தவற்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், போட்டியொன்றுக்கு நால்வரை ஆயத்தஞ் செய்தோம். நூல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு நகர்வுகளைத் தெரிந்து, நால்வரும் அவற்றை ஒப்பிக்குமாறு பணித்தோம். நான்காம் பலகையில் ஆடவிருந்த சிறுவன், லயத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன், எழுந்து, “சேர், அவங்க வேற மாதிரி ஆடினா என்ன செய்யிறது?” என்று வினவினான். “சொன்னதைச் செய்” என்று அவனை அமரச் செய்தோம். போட்டியன்று எதிரணியினர் மூன்றாம் நகர்விலேயே வேறு வழி சென்றனர். நம்மவர் நால்வரும் திகைத்தனர். இருவர் பதினைந்து நகர்வுக்குள் தோற்றனர். திரும்பும் பேருந்தில் அச்சிறுவன் ஒன்றும் பேசவில்லை. அவன் வினாவே நம் திட்டத்தில் இருந்திருக்க வேண்டியது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

அதன்பின் முறையை மாற்றினோம். குழு ஆட்டத்தில், ஆட்டம் தொடங்கிய பின் ஒருவருக்கொருவர் ஆலோசனை கூறல் விதிக்கு மாறு. ஆதலால் கூடிப் பேசவேண்டியவற்றையெல்லாம் முன்னரே பேசி முடித்தல் வேண்டும். ஒவ்வொருவரும் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று எனத் தம் இயல்புக்கேற்ற தொடக்கத்தைத் தாமே தெரிவர். பொறுமையுள்ளவனுக்கு மூடிய ஆட்டம்; துணிவுள்ளவனுக்குத் திறந்த ஆட்டம். பின்னர் ஒருவன் எதிரியாக நின்று அத்திட்டத்தைக் குலைக்க முயல்வான். ஏனையோர் கூடி விடை காண்பர். பேசும் முறை இளையவனிலிருந்து தொடங்கும். மூத்தவன் முதலிற் பேசினால் இளையவன் வாய் திறவான். ஒவ்வொரு நகர்வுக்கும் ‘ஏன்’ என்பதைக் கொப்பியில் எழுதுவர். காரணம் எழுத இயலாத நகர்வு திட்டத்தினின்று நீக்கப்படும். போட்டி முடிந்தபின் நான்கு கொப்பிகளையும் விரித்துவைத்து, திட்டம் எங்கே முறிந்தது என ஆராய்வர்.

பலகை ஒன்றே இருந்த காலத்தில் ஆடுபுலி ஆட்டமும் நமக்குத் துணைநின்றது. தரையிற் கரித்துண்டாற் கோடிட்டால் போதும். புலி 3, ஆடு 15. ஆடுகள் அனைத்தையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தல் ஆகாது. ஆதலின் வைக்கும் ஒழுங்கே ஆடுகளின் தொடக்கத் திட்டம். ஓர் ஆட்டின் பின்னால் வெற்றிடம் இருப்பின் புலி அதன்மேற் பாய்ந்து வெட்டும். பின்னால் மற்றோர் ஆடு நின்றால் பாய இயலாது. ஒருவனிடம் புலிகளைக் கொடுத்து, மூவரை ஆட்டுப் பக்கம் இருத்தி, கலந்து பேசி வைக்குமாறு கூறுவோம். துணையின்றி முன்சென்ற ஆடு மாளும் என்பதை எந்த நூலையும்விட அது விரைவாகக் கற்பித்தது.

மலையில் நம் தாய்மார் தத்தம் நிரையில் நின்று கொழுந்தெடுப்பர்; மாலையில் நிறுக்கும்போது ஒவ்வொருவர் கூடையும் வேறு. குழுச் சதுரங்கமும் தோற்றத்தில் அத்தகையதே. நால்வர் நான்கு பலகைகளில் தனித்தனியே ஆடுவர். ஆயினும் வெற்றி தோல்வி நால்வருக்கும் பொது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வகுத்த திட்டப்படி உழைத்த மக்களின் பிள்ளைகள், தாமே கூடியிருந்து ஒரு திட்டம் வகுத்து, அது பிழைத்தால் தாமே திருத்துவது சிறு செயலன்று.

மறு ஆண்டு நம் குழு முதலிடம் பெறவில்லை. ஆனால் நான்காம் பலகைச் சிறுவன், தான் ஒருபோதும் கண்டிராத தொடக்கத்தை எதிர்கொண்டு, நாற்பது நகர்வுகளுக்கு மேல் நின்று சமநிலை கண்டான். அவன் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். ஐந்தாம் நகர்வுக்கு எதிரே, “வேறு மாதிரி ஆடினார்கள், நடுவைப் பிடித்தேன்” என எழுதியிருந்தான்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லங்களில் தூசு படிந்து கிடக்கும் சதுரங்கப் பலகை ஏதேனும் இருப்பின், அதனை ஒரு தோட்டப் பாடசாலைக்கு அனுப்பிவையுங்கள். காய் ஒன்றிரண்டு குறைந்திருப்பினும் கவலை வேண்டா. போத்தல் மூடிகளைக் காலாட்களாக்கிக்கொள்ள எம் பிள்ளைகள் நன்கறிவர்.